புழுத்துளையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்

கேட்ட கேள்வி இது: மேஜைமேல் ஒரு தட்டு, தட்டில் நாலைந்து பழம். அவ்வளவுதான் படம். அதன் முன்னால் நின்றுகொண்டு நிலையாமை, ஆசை, பாவம், மரணம் என்று அடுக்குகிறார்களே, அதெல்லாம் ஓவியர் நினைத்து வைத்ததா, பார்க்கிறவர்கள் ஏற்றிச் சொல்வதா? உண்மையிலேயே இருக்கிறது என்றால், ஓவிய வரலாறு படிக்காத ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதி ஓவியர் வைத்தது, பாதி நாம் ஏற்றியது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே. ஆனால் நிறையப் பேர் தப்பான முனையில் தொடங்குகிறார்கள். படத்தில் மாதுளை இருக்கிறதா, உடனே ‘மாதுளைக்கு என்ன அர்த்தம்’ என்று தேடப் போய்விடுகிறார்கள். பட்டியலும் கிடைத்துவிடும்: ஆப்பிள் என்றால் பாவம், திராட்சை என்றால் ரத்தம், எலுமிச்சை என்றால் ஏமாற்றம். கனவுக்குப் பலன் சொல்லும் புத்தகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. என்ன பழம் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அது எந்தப் பக்குவத்தில் இருக்கிறது, எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, வெளிச்சம் அதன்மேல் எப்படி விழுகிறது என்பவைதான் முதலில்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். மிலான் நகரத்தின் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோவின் ‘பழக்கூடை’ இருக்கிறது. ஏறக்குறைய 1599இல் வரைந்தது. கர்தினால் ஃபெடரிகோ பொரோமியோவிடம் இருந்து, 1618இல் மற்றப் படங்களோடு அம்ப்ரோசியானாவுக்குத் தானமாகப் போனது. பிரம்புக் கூடை ஒன்று, அதில் நிறையப் பழங்கள், பின்னால் வெளிறிய மஞ்சளில் ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவர். மனிதர் கிடையாது, கத்தி, கிண்ணம், துணி எதுவும் கிடையாது.

முதல் பார்வைக்குச் செழிப்பு. கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று திராட்சைக் கொத்துகள் கூடையின் விளிம்பில் வழிகின்றன. அத்திப்பழம் முற்றிப் பிளந்து நிற்கிறது. அப்புறம் கண் நேராக நடுவில் இருக்கும் ஆப்பிளுக்குப் போகும். அதில் புழுத்துளை. ஓவியர் அதை மறைக்கவில்லை, நம் பக்கமாகத் திருப்பியே வைத்திருக்கிறார். அந்தத் துளையைப் பார்த்தபிறகு கூடையே வேறாகிவிடும். பீச் பழத்தின் இலையில் பூச்சி அரித்த ஓட்டைகள். அத்தி இலையில் கருகிய புள்ளிகள். வலது பக்கத்துச் சிவப்புத் திராட்சைக் கொத்தில் சில மணிகள் சுருங்கி வற்றிப் போயிருக்கின்றன. ஒரு திராட்சை இலை முழுக்கக் காய்ந்து சுருண்டு தொங்குகிறது. ஜூல்ஸ் ஜானிக் என்ற அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் இந்தப் படத்தை நோய் பார்க்கும் மருத்துவர்போல ஆராய்ந்து, எந்தக் காயம் எந்தப் பூச்சியால், எது பூஞ்சணத்தால் என்று ஊகித்து எழுதினார். அந்த அளவுக்குத் துல்லியமாக வரைந்திருக்கிறது.

இப்போது ஒரு சோதனை. படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டு, அந்த ஆப்பிளின் துளையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். கூடை சந்தையிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியது போலிருக்கும். விரலை எடுங்கள். நாலைந்து நாளாக யாரும் தொடாமல் வைத்திருப்பது போலாகிவிடும். அரைச் சதுர அடிகூட இல்லாத ஒரு ஆப்பிள், அதில் பொட்டு அளவுக்கு ஒரு இருட்டு, அது முழுப்படத்துக்கும் காலத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. நிலையாமை என்ற சொல் இந்தப் படத்துக்குப் பொருந்துவது அதனால்தான். ஆப்பிளுக்கு எந்த அகராதியிலோ அப்படி அர்த்தம் போட்டிருப்பதால் அல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள். கூடையின் அடிப்பகுதி மேஜை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே அதன் நிழல் விழுகிறது. விழுந்துவிடாது, ஆனால் கை தானாக அதை உள்ளே தள்ளிவைக்கப் பரபரக்கும். மேலிருந்து கீழே பார்க்கும் கோணமும் இல்லை. கண்மட்டத்துக்கு நேரே கூடையை நிறுத்தியிருக்கிறார், உருவப்படத்தில் ஆளை நிறுத்துவதுபோல. அழுகத் தொடங்கிய பழங்களுக்கு ஒரு பிரபுவுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்தப் படத்தில் சோகம் தெரியவில்லை. மரியாதைதான் தெரிகிறது. இதன் பக்கத்தில் மாட்ட இன்னொரு படம் தேடியதாகவும், ஈடானது கிடைக்காததால் தனியாகவே விட்டுவிட்டதாகவும் பொரோமியோவே எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே அகராதிக்காரர்களுக்கும் தீனி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பிய அடையாள நூல்களில் ஒற்றை இலையோடு இருக்கும் பீச் பழம் உண்மையைக் குறித்தது. பழம் இதயம், இலை நாக்கு. மனதும் நாக்கும் ஒட்டியிருந்தால் அது உண்மை. கரவாஜ்ஜியோவின் கூடையில் பீச்சும் இருக்கிறது, இலையும் இருக்கிறது, இலையில் ஓட்டையும் இருக்கிறது. ‘உண்மையின் நாக்கைப் பூச்சி அரித்துவிட்டது’ என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் படத்தில் வேறு இலைகளிலும்தான் ஓட்டை. பீச்சை மட்டும் தனியாகச் சுட்டிக்காட்ட ஓவியர் எதுவும் செய்யவில்லை. அதனால் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

நான் பின்பற்றும் வழியே இதுதான்: ஒரு பொருளுக்கு மறைபொருள் சொல்ல வேண்டுமானால், படத்துக்குள்ளேயே அதற்கு ஒரு சாட்சி இருக்க வேண்டும். பொருள் தனித்து நிற்க வேண்டும், அல்லது வெளிச்சம் அதன்மேல் விழ வேண்டும், அல்லது இயல்பாக இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். சாட்சி இல்லாத அர்த்தம் நம்முடையது. அதை வைத்துக்கொள்ளலாம், ஓவியர் தலையில் கட்டக்கூடாது.

தமிழ்க் கவிதை படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. இயற்கைக் காட்சியைச் சொல்லி மனிதர் நிலையை உணர்த்தும் இந்த வழிக்கு உள்ளுறை என்று இலக்கணமே உண்டு. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் என்று தொடங்குகிறது. மாம்பழத்துக்கு அங்கே நிரந்தர அர்த்தம் எதுவும் கிடையாது. தானாக விழுந்தது, மீன் சும்மா வாயைத் திறந்தது, பாடுபடாமல் கிடைத்தது. அந்த நிலைதான் தலைவனைப் பற்றியும் பரத்தையைப் பற்றியும் பேசுகிறது. அதே மாம்பழம் மரத்திலேயே தொங்கியிருந்தால் பாட்டே வேறு. பழ ஓவியத்தையும் இப்படித்தான் படிக்கிறேன்.

அகராதி ஏன் காலை வாரிவிடும் என்பதற்கு ஆப்பிளே போதும். விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஏவாள் தின்ற பழத்துக்குப் பெயரே சொல்லவில்லை. லத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் எழுத்தில் ஒரே சொல், உயிரெழுத்தின் நீளத்தில்தான் வேறுபாடு. ஆப்பிள் பாவக்கனியாக நிலைத்ததற்கு இந்தச் சிலேடையும் ஒரு காரணம் என்பார்கள். 1432இல் முடிந்த கெண்ட் பலிபீட ஓவியத்தில் யான் வான் ஐக் ஏவாள் கையில் ஆப்பிளைக் கொடுக்கவில்லை, தோல் சுருங்கிய ஒரு நாரத்தை வகைப் பழத்தைக் கொடுத்திருக்கிறார். கிழக்கே போனால் கதை முற்றிலும் மாறும். மாதுளை கிரேக்கக் கதையில் பெர்செஃபோனியைப் பாதாளத்தோடு கட்டிப்போட்ட பழம். கிறித்தவப் படங்களில் உயிர்த்தெழுதல். சீனாவில் விதை நிறைய இருப்பதால் பிள்ளைச் செல்வம். சீன ஓவியத்தில் பீச் நீண்ட ஆயுள். விரல் விரலாகப் பிரிந்த நாரத்தை ஒன்று உண்டு. ‘புத்தரின் கை’ என்று பெயர். அந்தப் பெயரின் ஒலி ‘நற்பேறு, நீள்வாழ்வு’ என்ற சொற்களின் ஒலியை ஒத்திருப்பதால் அதற்கு மங்கலம் வந்தது. அதாவது அடையாளம் பழத்தில் இல்லை, பேசுகிற மொழியில் இருக்கிறது. மொழி தெரியாமல் அந்தப் பழத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது கிடைக்காது. இந்த மாதிரி இடங்களில் மட்டும் அகராதி வேண்டும், அதுவும் அந்த ஊரின், அந்தக் காலத்தின் அகராதி.

இந்த வகை ஓவியத்துக்கு வைத்த பெயர்களே மூன்று மனநிலை. டச்சு மொழியில் ‘ஸ்டில்லேவன்’, அசையாத உயிர். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘ஸ்டில் லைஃப்’. பிரெஞ்சில் ‘நாத்யூர் மோர்த்’, செத்த இயற்கை. ஸ்பானியத்தில் ‘போதெகோன்’, நிலவறை, மதுக்கடை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒரே தட்டுப் பழத்தை ஒருவர் மூச்சை அடக்கி நிற்பதாகப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் பிணமாக, மூன்றாமவர் சாப்பாட்டுச் சாமானாக. தமிழில் ‘அசையாப் பொருள் ஓவியம்’ என்கிறோம். அதில் உயிரும் இல்லை, சாவும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் பத்திரப் பதிவு அலுவலக வாடை அடிக்கிறது, போகட்டும்.

டச்சுக்காரர்களிடம் வருவோம், ஏனென்றால் அடையாளம் பற்றிய சண்டை அங்கேதான் பெரிது. 17ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரத்தில் வில்லம் ஹேடா, பீட்டர் கிளாஸ் இருவரும் சாப்பாட்டு மேஜைகளை வரைந்தார்கள். சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை. வண்ணமே வேண்டாம் என்று விரதம் இருந்ததுபோல. கவிழ்ந்த வெள்ளிக் கிண்ணம், பாதி தின்று விட்ட பண்டம், சுருக்கம் விழுந்த வெள்ளைத் துணி. அந்தச் சாம்பலுக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள்: பாதி உரித்த எலுமிச்சை. தோல் சுருள் சுருளாக மேஜை விளிம்பிலிருந்து கீழே தொங்கும்.

எலுமிச்சைக்குச் சொல்லப்படும் வழக்கமான அர்த்தம், பார்க்க அழகு, வாயில் வைத்தால் புளிப்பு. உலக இன்பமும் அப்படித்தான். ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்கிற பிரசங்கியின் வாக்கு அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. மண்டையோடும் மணல்கடிகாரமும் அணைந்த விளக்கும் வைத்த படங்களுக்கு அந்த வாக்கிலிருந்தே ‘வானிட்டாஸ்’ என்று பெயர். எடி டி யோங் என்ற டச்சு அறிஞரும் அவர் வழி வந்தவர்களும் சாதாரணக் காட்சிகளுக்குள்ளும் இப்படிப் போதனை ஒளிந்திருப்பதாகக் காட்டினார்கள். 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் என்ற கலை வரலாற்று அறிஞர் அதை மறுத்தார்: டச்சு ஓவியம் ஒளித்துவைத்துப் பேசுவதல்ல, கண்ணால் கண்டதை விவரிப்பது, உருப்பெருக்கிக் கண்ணாடியும் வரைபடமும் கொண்டாடிய ஒரு சமூகத்தின் கண் அது என்றார். சண்டை இன்னும் முடியவில்லை.

என் பக்கம் எது என்றால், ஒரு எலுமிச்சையை உரித்து வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தபிறகு ஆல்பர்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். ஒரே பழத்தில் மூன்று பரப்பு இருக்கிறது. வெளித்தோல் புள்ளி புள்ளியாக மேடும் பள்ளமுமாக, எண்ணெய்ப் பசையோடு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உள்பக்கத்து வெள்ளைத் தோல் பஞ்சுபோல வெளிச்சத்தைக் குடித்துவிடும். சுளை ஈரமாக, அரைக் கண்ணாடியாக, வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பின்பக்கமிருந்து மினுங்கவைக்கும். தோல் தொங்கும் சுருளில் ஒரு திருப்பத்துக்கு ஒருமுறை இந்த மூன்றும் மாறி மாறி வரும். கைத்திறன் காட்ட இதைவிட நல்ல பொருள் ஓவியனுக்குக் கிடைக்காது. நான் இரண்டு மணி நேரம் போராடி வரைந்தது கடைசியில் முட்டைப்பொரியல் மாதிரி வந்தது என்பது வேறு விஷயம். வாங்குகிறவனுக்கும் அந்த வித்தை தெரியும். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கப்பலில் வரும் பழம் என் மேஜையில் இருக்கிறது என்ற பெருமையும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் மனநிலை அதற்கும் மேலே இருக்கிறது, அதற்கு எந்த அறிஞரும் தேவையில்லை. யாரோ உரிக்கத் தொடங்கி, பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். கத்தியின் பிடி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நாற்காலி படத்தில் இல்லை, ஆனால் இப்போதுதான் காலியானது. எழுந்து போனவர் திரும்ப வருவாரா என்று படம் சொல்வதில்லை. எலுமிச்சைக்கு எந்த அர்த்தம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தக் காலி நாற்காலியின் நிசப்தம் படத்தில் இருந்தே தீரும்.

மனநிலையைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயினுக்குப் போக வேண்டும். ஹுவான் சான்செஸ் கோத்தான் ஏறக்குறைய 1602இல் வரைந்த ஒரு படம் சான் டியேகோ ஓவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கல் சன்னல். சன்னலுக்குப் பின்னால் வானம் கிடையாது, தோட்டம் கிடையாது, கன்னங்கரேல் என்று இருட்டு. இடது மூலையில் உயரே நூலில் கட்டித் தொங்கும் க்வின்ஸ் பழம், அதைவிடத் தாழ்வாக நூலில் தொங்கும் முட்டைக்கோஸ், கீழே கல்விளிம்பில் வெட்டிய முலாம்பழமும் அதன் ஒரு கீற்றும், வலது ஓரத்தில் விளிம்பைத் தாண்டி நீட்டிய வெள்ளரிக்காய். மேலிருந்து கீழாக ஒரு வில் வளைவு. காய்கனியை நூலில் தொங்கவிடுவது கெடாமல் வைக்கிற சாதாரண வழக்கம். ஆனால் அவர் வரைந்தபிறகு அது சாதாரணமாக இல்லை. கோள்கள் சுற்றுவதுபோல் இருக்கிறது.

ஏன் அப்படி? வெளிச்சம் ஒரே பக்கமிருந்து கத்திபோல வருகிறது. ஒவ்வொரு பொருளும் அடுத்ததைத் தொடாமல் தனித்தனியே இருக்கிறது. படத்தின் பாதிக்கும் மேலே வெறும் கறுப்பு. வலது மேல்பக்கம் முழுக்க எதுவும் இல்லை, அந்த இன்மையைப் பார்த்துத்தான் வளைவு திறந்திருக்கிறது. ஒரு முட்டைக்கோஸின் இலை நரம்பை அத்தனை கவனமாக வரைந்த கை, மீதி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது என்றால் அந்த வெறுமையும் வரைந்ததுதான். 1603இல் இவர் டொலெடோ நகரத்தை விட்டுப் புறப்பட்டார்; பேச்சைக் குறைத்துத் தனிமையில் வாழும் கார்த்தூசியன் துறவிகளோடு கிரனாடாவில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் தெரியாமல் பார்த்த முதல் தடவையே எனக்குக் குரல் தாழ்ந்துவிட்டது.

அதே ஸ்பெயினில் சுர்பரான் 1633இல் வரைந்தது பாசடேனாவின் நார்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தட்டில் எலுமிச்சைகள், கூடையில் பூவோடு ஆரஞ்சுகள், வெள்ளித்தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரும் ரோஜாவும். வரிசையாக மூன்று, பின்னால் கறுப்பு. மும்மை என்பதாலும், ரோஜா, தண்ணீர், ஆரஞ்சுப் பூ எல்லாம் மரியாளுக்கு உரியவை என்பதாலும் பக்திப் படமாகவே பலரும் படிக்கிறார்கள். இங்கே நான் மறுக்கமாட்டேன். சாட்சி இருக்கிறது: பீடத்தில் காணிக்கை வைக்கிற ஒழுங்கு. சாப்பிட வைத்தவை இப்படி இருக்காது. எக்ஸ்-ரே எடுத்தபோது, இன்னொரு தட்டு வரைந்து பிறகு அழித்திருப்பதும் தெரியவந்தது. நாலாவது ஒன்று வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார், அவ்வளவு யோசித்து எட்டிய மூன்று அது.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாப் பழப் படத்திலும் சாவையும் சாமியையும் தேட வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1761இல் வரைந்த காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடையைப் பாருங்கள். கூம்பாகக் குவிந்த சிவப்பு, இடப்பக்கம் ஒரு தம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், வலப்பக்கம் ஒரு பீச், இரண்டு செர்ரி. விளிம்பு எதுவும் கூர்மையாக இல்லை. பழங்களைச் சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து வரைந்ததுபோல ஒரு மென்மை. ஒவ்வொரு பழத்தையும் எண்ணிக் காட்டவில்லை. கிட்டே போனால் சிவப்புக் குழைவு, தள்ளி நின்றால் ஸ்ட்ராபெர்ரி. இந்த ஓவியரின் பழங்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ, அர்த்தம் எதுவும் தேடவில்லை. எடுத்து உரித்துத் தின்ன வேண்டியதுதான் பாக்கி என்கிற தொனியில் 1763இல் எழுதினார். அந்தக் கூடை 2022இல் பாரிஸில் 2.4 கோடி யூரோவுக்கு மேல் ஏலம் போனது. நாட்டை விட்டுப் போகாமல் தடுத்து, பொதுமக்களிடமும் நிதி திரட்டி லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. பழம் வரைவது ஓவியத்திலேயே கடைசிப் படி என்று 1667இல் ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் தரவரிசை போட்டுக்கொடுத்த அதே நாட்டில்தான் இது நடந்தது.

அந்தக் கடைசிப் படியில் பெண்கள் நிறைய இருந்தார்கள், ஏனென்றால் நிர்வாண மாதிரியை வைத்துப் பயிலும் இடங்கள் அவர்களுக்கு மூடியிருந்தன. மிலானில் ஃபெடே கலிசியா, பாரிஸில் லூயிஸ் மொய்யோன், நெதர்லாந்துப் பக்கம் கிளாரா பீட்டர்ஸ். கிளாரா பீட்டர்ஸ் சில படங்களில் உலோகக் கிண்ணத்தின் பளபளப்பில் தன் முகத்தைக் கடுகளவு வரைந்து வைத்திருக்கிறார். ஓவியரே ஒளித்துவைத்தார் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய ரகசியம் வேண்டுமென்றால் அதுதான்.

பிரெஞ்சு ஓவியர் செசானுக்கு வந்தால் பழைய அடையாளங்கள் எதுவும் எடுபடாது. சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கும், ஏறக்குறைய 1893இல் வரைந்த ‘ஆப்பிள் கூடை’யில் மேஜையின் இடப்பக்க விளிம்பும் வலப்பக்க விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. புட்டி சாய்ந்து நிற்கும். கூடை கவிழப் பார்க்கும், ஆப்பிள்கள் துணியின் மடிப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். தவறி வரைந்ததல்ல. ஒரு பழத்தை நிறுத்தி வைக்கக் காசுகளை அடியில் முட்டுக்கொடுத்துச் சரிசெய்கிற மனிதர் அவர். கூட இருந்து பார்த்த இளைஞர் ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார். நம் கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை, கொஞ்சம் இடமும் கொஞ்சம் வலமும் போய்வருகிறது. அந்த அசைவையே வரைந்துவிட்டார். கரவாஜ்ஜியோவின் பதற்றம் கூடை விழுந்துவிடுமோ என்பது. செசானின் பதற்றம் உலகமே சரியாகப் பொருந்தி நிற்கிறதா என்பது. கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷப்பீரோ 1968இல் இந்த ஆப்பிள்களுக்குள் அடக்கிய காமம் இருப்பதாக எழுதினார். பள்ளியில் மற்றப் பையன்கள் ஒதுக்கிவைத்த, பின்னாளில் நாவலாசிரியரான நண்பர் எமில் சோலாவுக்குப் பரிந்துகொண்டு போனதற்காக, சோலா மறுநாள் ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார் என்று செசான் முதுமையில் சொன்ன கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஆப்பிள் அவருக்கு வெறும் ஆப்பிள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அது படத்துக்குள் இருக்கும் சாட்சியில்லை, வாழ்க்கையில் இருக்கும் சாட்சி. நான் அதற்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

எச்சரிக்கை ஒன்று, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பழைய டச்சுப் பழ, பூ ஓவியங்களில் இலைகள் சில சமயம் விசித்திரமான நீலமாக இருக்கும். அதைப் பார்த்து ‘குளிர்ந்த, சோகமான மனநிலை’ என்று எழுதிவிடாதீர்கள். பச்சையைக் கொண்டுவர நீலத்தின்மேல் தாவரச் சாயத்தாலான மஞ்சளைப் பூசியிருப்பார்கள். மஞ்சள் வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துப் போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. பழுப்பேறிய வார்னிஷும் இதே வேலையைச் செய்யும். காலைவேளைப் படத்தை அந்திவேளை ஆக்கிவிடும். நாம் ரசிக்கிற மனநிலையில் ஒரு பங்கு வேதியியல் செய்தது. பழத்தைப் போலவே படமும் வாடியிருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் அது யாரும் திட்டமிட்ட அடையாளம் இல்லை.

ஓவிய வரலாறு படிக்காதவர் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். செல்போனில் சுலபம். பழம் பழமாகத் தெரிவது நின்றுபோய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எத்தனை பங்கு இருட்டு, கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்போது பளிச்சென்று தெரியும். மனநிலையில் முக்கால்வாசி அதுதான். பிறகு நேராக்கி, எந்தப் பழம் விளிம்பைத் தாண்டுகிறது, எது தனியாக இருக்கிறது, எது பழுத்த நிலையைக் கடந்துவிட்டது என்று பார்ப்பேன். ஈ, நத்தை, வண்ணத்துப்பூச்சி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்றும். அப்புறம் கட்டைவிரல் சோதனை: ஒவ்வொரு பொருளாக மறைத்து, எதை மறைத்தால் படத்தின் குரல் மாறுகிறது என்று தேடுவேன். மாறினால், அந்தப் பொருளைப் பற்றிப் படிக்கப் போவேன். மாறாவிட்டால், அகராதி எத்தனை அழகான கதை சொன்னாலும் விட்டுவிடுவேன்.

சில படங்களில் எதையும் மறைக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி முச்சீயின் ஆறு பெர்சிமன் பழங்கள், இப்போது கியோட்டோவின் தாய்தோகுஜி ஆலயத்தைச் சேர்ந்தது. வெறும் மை. மேஜை இல்லை, நிழல் இல்லை. ஒன்று கருநிறம், ஒன்று சாம்பல், ஒன்று கோடு மட்டும். ஒன்று வரிசையை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. காம்பு ஒவ்வொன்றும் எழுத்துபோல. ஆறில் எதை மறைத்தாலும் படம் உடைந்துவிடும், எதற்கும் தனி அர்த்தம் சொல்லவும் முடியாது.

பிரெஞ்சு ஓவியர் மனேயின் எலுமிச்சையும் அப்படித்தான். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1880இல் வரைந்தது, ஒரு சாண் அகலம்தான்: 14 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். கருநிறத் தட்டில் ஒரு முழு எலுமிச்சை. உரிக்கவில்லை, வெட்டவில்லை, பக்கத்தில் கத்தியும் இல்லை. அப்போது அவருக்கு நடக்கவே கஷ்டம். பெரிய கித்தான் முன்னால் நிற்க முடியாமல் சின்னச் சின்னப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார், மூன்று ஆண்டுகளில் இறந்தும் போனார். அது தெரிந்தால் அந்த மஞ்சள் ஒருவிதமாகத் தெரியும். தெரியாவிட்டாலும் தட்டின் கறுப்பில் அது கொஞ்சம் கூடுதலாகவே ஒளிர்கிறது. நானும் பலமுறை கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டேன். மறைத்தால் மிஞ்சுவது தட்டு மட்டும்.